மீள்குடியேறும் குடும்பத்துக்கு மண்கல் வீடு கட்டும் முறை

இலங்கையின் வடக்கே வன்னியில், போருக்குப் பிறகு மீள்குடியேறியவர்களுக்கு 550 சதுர அடி வீடுகள் கட்டிய மேசன் நான். எடுத்த உடனே படம் கீறாதீர்கள். வீட்டுக்கார அம்மாவோடு காணியில் நடந்து, குசினி எங்கே வேண்டும் என்று கேளுங்கள். விறகு அடுப்பென்றால் அது பின்பக்கம் தனியாக இருக்கட்டும்.

அடுத்தது சுவருக்கான மண்கல். மேல்மண்ணைத் தோட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு, கீழேயுள்ள செம்மண்ணை அரித்து, 20 பங்குக்கு 1 பங்கு சீமெந்து சேர்த்துத் தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். ஒரு பிடியை உருண்டையாக்கி நெஞ்சளவு உயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. தூளாகச் சிதறினால் தண்ணீர் காணாது. உடையாமல் கிடந்தால் கூடிவிட்டது. கை அச்சில் அழுத்தி எடுத்த கல்லை 28 நாள் நிழலில், ஈரச்சாக்கு மூடி வையுங்கள். என் முதல் அடுக்கை வெயிலில் விட்டேன், விளிம்பெல்லாம் உதிர்ந்தது. அந்தப் பிள்ளைகள் இன்னொரு மாதம் தகரக் கொட்டிலில் படுத்தார்கள். இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது.

அத்திவாரம் கருங்கல்லில், நிலத்துக்கு மேலே ஒன்றரை அடி. மாரி வெள்ளம் மண்கல்லைத் தொடக்கூடாது. இறவாணம், அதாவது கூரையின் விளிம்பு, சுவருக்கு வெளியே இரண்டரை அடி நீளட்டும். தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்றும் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றும் நுழைய யன்னல்களை எதிரெதிரே வையுங்கள். கூரைக்கு முற்றின பனையில் அறுத்த சிலாகைகளை அடித்து, அதன்மேல் ஓடு போடுங்கள். அனுமதி எடுக்காமல் பனை தறிக்க வேண்டாம். கூரைத் தண்ணீரை ஏந்தும் பீலி கட்டாயம்: 1 சென்ரிமீற்றர் மழைக்கே 500 லீற்றருக்கு மேல் தண்ணீர் சேரும்.

காசு காணாவிட்டால் ஓர் அறையின் சுவரைப் பிறகு எழுப்பலாம். அதன் அத்திவாரத்தை மட்டும் இப்போதே போட்டுவிடுங்கள்.