எந்த வீதியை முதலில் திருத்துவது? கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு ஒரு செய்முறை

வன்னியில் மாரி முடிந்தால் சங்கக் கூட்டத்தில் "எங்கட ஒழுங்கையை முதல் போடுங்கோ" என்ற குரல்தான் கேட்கும். கடைசியில் ஆக மோசமாகக் கிடக்கும் வீதிக்கே காசு போகும். இது பிழை என்றே நினைக்கிறேன். முற்றாக உடைந்த வீதி இன்னொரு வருடம் கிடந்தாலும் திருத்தச் செலவு பெரிதாக ஏறாது. பாதி நல்லாயிருக்கும் வீதியோ, ஒரு மதகு அடைபட்டால் ஒரே மழையில் அறுந்துவிடும்.

படி 1: வீதி யாருடையது?

ஏ9, பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஊர் வீதிகளில் பெரும்பாலானவை பிரதேச சபைக்கு. இதைப் பிரிக்காமல் கடிதம் போட்டால் ஒரு வருடம் வீண்.

படி 2: மாரிக்குள் நடந்து பாருங்கள்

கோடையில் எல்லாக் கிரவல் வீதியும் ஒரே மாதிரித் தூசிதான். கார்த்திகை, மார்கழியில் மழை விட்டு ஒரு மணித்தியாலம் கழித்துப் போங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே வீதியே வாய்க்காலாக ஓடுகிறது என்று படம் எடுங்கள்.

அப்புறம் ஒரு கயிறு போதும். வீதியின் நடுவில் நிலத்தைத் தொடும்படி, குறுக்கே மட்டமாக இழுத்துப் பிடியுங்கள். நாலு மீற்றர் அகல வீதியென்றால் இரு கரையிலும் கயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையில் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் வழியாமல் நடுவிலேயே ஊறும். அந்த வீதிக்குக் கிரவல் மட்டும் கொட்டுவது காசைக் கரைப்பது. முதலில் வடிகானும் சரிவும்.

படி 3: புள்ளி போடுங்கள்

மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை.

அறுந்தால் சுற்றிப்போக வேறு பாதை இல்லையா? (இதற்கு மட்டும் இரட்டிப்பு.)
பள்ளிப் பிள்ளைகள், அம்புலன்ஸ், காலபோக நெல் ஏற்றும் உழவு இயந்திரம் போகிறதா?
இந்த மாரிக்குள் திருத்தாமல் விட்டால் செலவு கூடுமா?

கோயிலடி வீதி குண்டும் குழியுமாக இருக்கலாம். ஆனால் பக்கத்தில் இன்னொரு பாதை இருந்தால் 0+3+1, மொத்தம் 4. வயற்கரைக் குடியிருப்புக்கு ஒரே வழியான வீதியில் மதகு மட்டும் வெடித்திருந்தால் 6+3+3, மொத்தம் 12. கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் போடுங்கள், கோபம் குறையும்.

படி 4: புரட்டாதிக்குள் கொடுங்கள்

பிரதேச சபையின் அடுத்த ஆண்டுப் பாதீடு டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும். ஆகவே போன மாரியில் எடுத்த படங்களையும் புள்ளிப் பட்டியலையும் இணைத்து, முதல் மூன்று வீதிகளை மட்டும் எழுதுங்கள். கடிதப் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வராதீர்கள்.