ரௌசே தீவில் ஒரு மேட்டையும் அதன் பெயரையும் பதிவு செய்வது எப்படி?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில் ரௌசே ஒரு சின்னத் தீவு. ஆடும் மாடும் மேயும் சரிவுகள், சுற்றிலும் கடல். 5,000 ஆண்டுக்கு முந்தைய கல்லறை மேடுகள் இங்கே நிறைய. மிட்ஹோ கல்லறையில் 25 பேரின் எலும்புகளும், யார்சோவில் 29 பேரின் எலும்புகளும் கிடைத்தன. அவை பேர்போனவை. நாம் பார்க்கப்போவது, வயலோரம் புல் மூடிக் கிடக்கும் சின்ன மேடுகளை.

புதியவர்கள் அளப்பதிலேயே குறியாக இருந்து பெயரை விட்டுவிடுகிறார்கள். மேடு அடுத்த ஆண்டும் அநேகமாக அங்கேதான் இருக்கும். அதன் பெயர் தெரிந்த 80 வயதுக்காரர் இருப்பாரா?

படி 1: வீட்டில். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய நிலஅளவை வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம். ‘ஹோ’, ‘நோ’ என்று வரும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஹோ’ என்பது ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய நார்ஸ் மக்களின் பழைய மொழியில் ‘ஹௌகர்’, அதாவது மேடு. ‘நோ’ ஸ்காட்ஸ் மொழிச் சொல், அதற்கும் மேடு என்றுதான் பொருள். 1879–80இல் நில அளவையாளர்கள் ஆர்க்னியின் பெயர்களைத் திரட்டிய பெயரேடுகளும் இணையத்தில் உண்டு. ஒவ்வொரு பெயரையும் எப்படியெல்லாம் எழுதினார்கள், யார் சொல்லி எழுதினார்கள் என்பதுகூட அதில் இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: நார்ஸ் மக்கள் வந்தது கல்லறைகள் கட்டி ஏறக்குறைய 4,000 ஆண்டு கழித்து. கட்டியவர்கள் வைத்த பெயர் நமக்குக் கிடைக்காது. பின்னால் வந்தவர்கள் அந்த மேட்டை என்னவாக நினைத்தார்கள் என்பதுதான் பெயரில் இருக்கிறது. மேட்டுக்குள் ‘ஹாக்பூன்’ என்ற ஆவி குடியிருப்பதாக ஆர்க்னியில் நம்பினார்கள். ‘ஹௌக்பூயி’, மேட்டில் வாழ்பவன், என்ற நார்ஸ் சொல் தேய்ந்து அப்படி ஆனது.

படி 2: போகும் நேரம். குளிர்கால முடிவில் புல் குட்டையாக இருக்கும், வெயிலும் சாய்வாக விழும். ஒரு முழ உயர மேடுகூட நிழலால் தெரியும். குட்டி ஈனும் காலத்தில் ஆட்டு மந்தைப் பக்கம் போகாதீர்கள். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்போடு நடந்துபோக உரிமை உண்டுதான். இருந்தாலும் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். பெயர்கள் அந்த வாசலில்தான் கிடைக்கும்.

படி 3: அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் டேப்பால் எடுங்கள். நான்கு திசையிலிருந்தும் அளவுகோல் வைத்துப் படம், வடக்கு குறித்த ஒரு கைவரைபடம். இடத்தை 8 இலக்கக் கட்ட எண்ணாக (நிலஅளவை வரைபடத்தின் கட்டங்களை வைத்து இடத்தைக் குறிக்கும் எண்) எழுதினால் 10 மீட்டர் துல்லியம் வரும். 6 இலக்கம் என்றால் 100 மீட்டர்தான். தோண்டாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள்.

படி 4: ‘கல்லறை’ என்று எழுதிவிடாதீர்கள். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மேடு, இடிந்த ‘ப்ராக்’ ஆக, அதாவது இரும்புக்கால வட்டக் கல் கோபுரமாக இருக்கலாம். நீரோடை அருகே சுட்ட கற்கள் குவிந்து கிடந்தால், அது கல்லைச் சூடாக்கித் தண்ணீர் காய்ச்சிய இடம். ரௌசே கடற்கரையில் உள்ள ஸ்வான்ட்ரோ மேட்டை நெடுநாள் ப்ராக் என்றே நம்பினார்கள். அகழ்ந்தபோது கற்காலக் கல்லறை என்று தெரிந்தது. அதைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. அதனால் கரையோர மேடுகளை முதலில் முடியுங்கள். “புல் மூடிய வட்ட மேடு, மேலே மூன்று கல் தெரிகிறது” என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். ஊகத்துக்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

படி 5: பெயர். “இதுதான் இன்ன மேடா?” என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். “இதை வீட்டில் என்னவென்று சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். அனுமதி வாங்கி ஒலிப்பதிவு செய்யுங்கள். அப்புறம், காதில் விழுந்தபடியே எழுதுங்கள். வரைபட எழுத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டாம். இரண்டு வீட்டில் இரண்டு பெயர் சொன்னால் இரண்டும் சரி. தீவின் மேற்கே உள்ள குவாண்டேலில் கேட்க ஆளே இல்லை: 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலக்கிழார் குடிகளை வெளியேற்றிவிட்டார். அங்கே மட்டும் பெயரேடுதான் கதி.

படி 6: ஒப்படைப்பு. ஒரு மேட்டுக்கு ஒரு தாள். கட்ட எண், அளவு, படம், பெயர், சொன்னவரின் ஒப்புதல், தேதி. ஒரு பிரதி ஆர்க்னியின் தொல்லியல் பதிவேட்டுக்கு. இன்னொன்று பெயர் சொன்ன வீட்டுக்கு. நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்; படித்துப் பார்த்துவிட்டு, விட்டுப்போன இன்னொரு பெயரைச் சொல்வார்கள்.