கைக்குழந்தையோடு வண்ணாரப்பேட்டைக்கு வருவது எப்படி

முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். டிக்கெட் விலையை மட்டும் பார்த்துத் தேதி குறிப்பதெல்லாம் கைக்குழந்தை இல்லாதவர்களுக்கு. நான் இருப்பது ஜெர்மனியில், மியூனிக் நகரத்தில். அம்மா வீடு பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வடசென்னையில் தாய்வீடு உள்ளவர்களுக்கு நான் சொல்லும் காலம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் எங்கும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது விமான நிலையத்தையே மூடினார்கள். ஏப்ரல், மே மாதங்களில் பெரியவர்களுக்கே உறக்கம் வராது. பொங்கலுக்கு வர ஆசை இருந்தால் போகி கழித்து இறங்குங்கள். 2018 போகியன்று காலையில் புகையால் சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கத்துத் தெருக்களில் பழைய டயரையும் சேர்த்துக் கொளுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

காகித வேலையைப் பிரசவம் முடிந்த மாதமே தொடங்குங்கள். பெற்றோர் இந்தியக் குடிமக்களாக இருந்து, குழந்தை வெளிநாட்டில் பிறந்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லையென்றால், பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். எங்கள் பவேரியா மாநிலத்துக்கு மியூனிக் துணைத் தூதரகம். குழந்தையின் இந்தியப் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். அதே சமயம் ஜெர்மனிக்குத் திரும்ப, குழந்தையின் பெயரில் வசிப்பு அனுமதி அட்டையும் வேண்டும். பாஸ்போர்ட் வந்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிடாதீர்கள். குழந்தைக்கு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் விசாவோ, வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்று காட்டும் ஓசிஐ அட்டையோ வாங்கியாக வேண்டும்.

தடுப்பூசிக்கு மருத்துவரிடம் தனியாக ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போடும் பிசிஜி ஊசியை ஜெர்மனியில் 1998 முதல் வழக்கமாகப் போடுவதில்லை. தட்டம்மை ஊசி அங்கே 11 மாதத்தில், இங்கே 9 மாதத்தில் தொடங்குகிறது. பயணத்துக்காக முன்கூட்டியே போடலாமா என்று கேளுங்கள். அவர்கள் கொடுக்கும் மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2 வயது நிறையாத குழந்தை மடியில் வரலாம். திரும்பும் தேதிக்குள் 2 வயது நிறைந்துவிட்டால் அந்தப் பயணத்துக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும். முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டிலை டிக்கெட் எடுத்த அன்றே தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் காது அடைக்காது. அழுதால் அழட்டும், அடுத்த இருக்கைக்காரர் பிழைத்துக்கொள்வார்.

சிரமமெல்லாம் மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகுதான். விமான நிலையத்திலிருந்து வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாவற்றுக்கும் மெட்ரோவின் நீல வழித்தடம் மாறாமலே போகிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டியதிலிருந்து எங்களுக்கு இது பெரிய வரம். ஆனால் வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் இறங்குகின்றன, மெட்ரோ ஐந்து மணி வாக்கில்தான் ஓடத் தொடங்கும். பெட்டிகளோடு மெட்ரோவும் வேண்டாம், டாக்சி பிடியுங்கள். குழந்தைக்கான கார் இருக்கையை அங்கிருந்தே கொண்டுவாருங்கள். சாதாரண பெல்ட்டால் கட்டக்கூடியதாக இருக்கட்டும். வண்டியை முன்பதிவு செய்யும் தம்பியிடம், பின் இருக்கை பெல்ட் உறைக்குள் புதைந்திருந்தால் வெளியே எடுத்துவைக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லச் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால் இரவு இரண்டு மணிக்கு நீங்கள்தான் உறையைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். தள்ளுவண்டி வேண்டாம். எங்கள் நடைபாதையில் இளநீர்க் கடையும் பைக்கும் நிற்கின்றன, குழந்தை வண்டிக்கு இடமில்லை. தோளில் கட்டும் துணிப்பை போதும்.

நேர வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். குளிர்காலத்தில் அது நான்கரை மணி நேரம். அங்கே இரவு ஏழுக்குத் தூங்கும் குழந்தை இங்கே பதினொன்றரைக்குத் தூங்கும். வீடே அப்போதுதான் அடங்குகிறது, அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. நேரத்தை முழுவதுமாக மாற்றிவிட முயலாதீர்கள். மாற்றினால், திரும்பிய பிறகு இங்கே காலை ஆறு மணிக்கு விழித்த குழந்தை அங்கே இரவு ஒன்றரைக்கு எழுந்து விளையாடும்.

இனி வீடு. வருவதற்கு ஒரு வாரம் முன்பே அம்மாவிடம் பேச வேண்டியது மூன்று: தண்ணீர், கொசு, புகை.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீரே தேவையில்லை, சர்க்கரைத் தண்ணீரும் தேவையில்லை. பால் பவுடர் என்றால் கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் கலக்க வேண்டும். 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலந்து, பிறகு ஆற வையுங்கள். பவுடரிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால்தான் இந்தச் சூடு. குழந்தைக்குப் பழகிய பவுடரை அங்கிருந்தே போதுமான அளவு கொண்டுவாருங்கள்.

கொசுவும் தண்ணீரோடு சேர்ந்த விஷயம்தான். மெட்ரோ வாட்டர் லாரி வரும் நாளில் டிரம், குடம், வாளி என்று பிடித்து வைப்பது எங்கள் தெருப் பழக்கம். டெங்கு கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். எல்லாவற்றுக்கும் இறுக்கமான மூடி வேண்டும், வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். குழந்தை பகலில் தூங்கும்போதும் குடைக் கொசுவலை கட்டாயம். வலை எங்கள் கடைத்தெருவான எம்.சி. ரோட்டிலேயே கிடைக்கும், அங்கிருந்து தூக்கிவர வேண்டாம். ஜபலாவும் பருத்தித் துண்டுகளும் அப்படியே. மியூனிக் கடைகளில் வாங்கும் கம்பளி இழை உடைகள் இங்கே குழந்தைக்குத் தண்டனை.

புகை என்று சொன்னது சாம்பிராணியை. குளிப்பாட்ட வரும் ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றும் அழகை நான் தடுக்க மாட்டேன். என் மகள் அந்தக் காலில் கிடக்கும்போது அழுததே இல்லை. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, மூக்கில் ஊதக் கூடாது, தலை துவட்டத் துண்டு போதும், சாம்பிராணிப் புகை வேண்டாம். ஏற்கெனவே எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரிப் புழுதியும் மணலி ஆலைகள் பக்கத்துக் காற்றும் அந்தச் சின்ன நுரையீரலுக்குப் போகின்றன. உரைகல்லில் இழைத்துக் கொடுக்கும் உரை மருந்தும், ஒரு வயதுக்கு முன் தேனும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய கிருமியின் வித்து குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். கண்மையில் ஈயம் இருக்கலாம்.

“உன்னையும் இப்படித்தானே வளர்த்தேன்” என்று அம்மா சொல்வார். அதற்கு வாதம் செய்யாதீர்கள். “அங்கே டாக்டர் கேட்பார் அம்மா, நீ திட்டு வாங்கித் தராதே” என்றால் என் அம்மா அடங்கிவிடுகிறார். எதிராளி டாக்டராக இருப்பது வசதி. இவற்றைத் தவிர மற்றதெல்லாம் அவர் இஷ்டம். கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கட்டும், திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குத் தூக்கிப் போகட்டும், கேழ்வரகுக் கஞ்சி ஆறு மாதத்துக்குப் பிறகு தாராளமாக ஊட்டட்டும். வருகிற உறவினர்கள் கை கழுவிவிட்டுத் தூக்க வேண்டும், இருமுகிறவர்கள் தூக்கக் கூடாது. இதை நீங்கள் சொன்னால் திமிர், அம்மா சொன்னால் அக்கறை. ஆகவே அம்மாவைச் சொல்ல வையுங்கள்.

வெளியே போவதென்றால் காலை பத்துக்குள், அல்லது மாலை கடல் காற்று வந்த பிறகு. எம்.சி. ரோட்டில் பால் கொடுக்க இடம் தேடாதீர்கள். ஏதாவது புடவைக் கடைக்குள் போய் “அண்ணா, குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும்” என்றால் உள்பக்கத்தில் உட்கார இடம் தருவார்கள். 2015 முதல் பஸ் நிலையங்களில் தாய்ப்பால் அறைகள் திறந்திருக்கிறார்கள், சுத்தம் இடத்துக்கு இடம் மாறும்.

உடம்பு சரியில்லாமல் போனால்: மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றாலே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எங்களுக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு மெட்ரோவில் சென்ட்ரல் வரை போய், பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம். அவசரத்துக்கு 108. பேதி என்றால் உலக சுகாதார நிறுவனக் கலவை என்று அச்சிட்ட ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து ஸ்பூனால் கொடுங்கள். மருந்துக்கடையில் வண்ண வண்ணப் பெட்டிகளில் விற்கும் இனிப்புப் பானம் அதற்கு மாற்றில்லை. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

திரும்பும்போது பெட்டி கட்டுவதை அம்மாவிடம் முழுவதுமாக விடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை, நெய்யும் அதில் சேரும். கறிவேப்பிலையும் கூடாது. வாழைப்பழம் போகலாம், சத்துமாவு போகலாம். மீனுக்கு ஒருவருக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, ஆகவே காசிமேட்டுக் கருவாட்டைத் தாராளமாகக் கட்டலாம், நாலு உறை போட்டு. நெய் டப்பா பெரும்பாலும் குழந்தையின் டயப்பர் பொட்டலத்துக்குள்தான் இருக்கும். பூட்டுவதற்கு முன் அங்கே ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்.