பெங்களூர்க் கல்யாணம்: பரிசுப் பட்டியல் போடுவதும் தோழிகளுக்குப் பரிசு வாங்குவதும்

மூன்று குத்துவிளக்கு, நான்கு சுவர்க்கடிகாரம், ஐந்து டின்னர் செட். என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடாத கல்யாணத்தில் வந்து குவிவது இவைதான். இரண்டு பெட்ரூம் வாடகை வீட்டில் லாஃப்ட் கூடப் பத்தாது. முகூர்த்தத்துக்கு எட்டு வாரம் முன்பே ஆரம்பியுங்கள்.

1. பட்டியல் ஒரே ஆள் கையில் இருக்கட்டும். பத்திரிகையில் அச்சடித்தால் ‘கேட்டு வாங்குகிறார்கள்’ என்று பேச்சு வரும். "என்ன வாங்கித் தரட்டும்?" என்று கேட்பவர்களை மட்டும் சித்தி மகளிடமோ அத்தை மகனிடமோ அனுப்புங்கள். கூகுள் ஷீட்டில் பொருள், மாடல், விலை, வாங்குபவர், வந்ததா என்று ஐந்து கட்டம் போதும். இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்தால் மிக்ஸியும் இரண்டு வரும்.

2. முப்பது பொருள் எழுதினால் பாதி 1,500 ரூபாய்க்குள் இருக்கட்டும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மாதிரி நாலைந்து பெரியவற்றை ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து வாங்கலாம். ஃப்ரிட்ஜ் எழுதும் முன் சமையலறை வாசலையும் அது நிற்கப்போகும் இடத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். வாட்டர் ப்யூரிஃபையர் என்றால் வீட்டுக்கு வருவது காவேரித் தண்ணீரா, போர்வெல்லா, டேங்கரா என்று பாருங்கள். காவேரிக்குப் பெரும்பாலும் ஆர்.ஓ. (தண்ணீரில் கரைந்த உப்பை நீக்கும் வகை) தேவைப்படாது.

3. டெலிவரி மண்டபத்துக்கு வேண்டாம். புது வீட்டுக்கு, கல்யாணம் முடிந்த வாரத்தில் வரட்டும். முன்கூட்டியே வாங்கி பெட்டி பிரிக்காமல் வைத்தால், உடைசல் தெரியும்போது மாற்றித் தரும் கெடு முடிந்திருக்கும்.

4. தோழிகளுக்குப் புடவை என்றால் ஆறு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். சிரமம் புடவையில் இல்லை, பிளவுஸில்தான். முகூர்த்த மாதத்தில் டெய்லர் மூன்று வாரம் கேட்பார். ஐந்து தோழிகள் என்றால், சிக்பேட்டையில் ஐந்து புடவையையும் ஒரே கடையில், ஒரே நாளில் எடுங்கள். இரண்டு குறைந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த சரக்கில் சாயம் மாறிவிடும், போட்டோவில் அப்பட்டமாகத் தெரியும். ஐந்தையும் வெளிச்சத்தில் அருகருகே விரித்துப் பாருங்கள். ஃபால்ஸ், லைனிங், தையல்கூலி ஆகியவற்றையும் நீங்களே கொடுங்கள்; ‘பரிசு’ என்று கொடுத்துவிட்டுச் செலவை அவர்கள் தலையில் கட்டுவது அழகில்லை.

5. தோழிகளுக்குப் புடவைக்குப் பதில் வெள்ளிக் குங்குமச்சிமிழும் நல்ல தேர்வு. அவென்யூ ரோடு பக்கம் விசாரிக்கும்போது கிராம் எடை, செய்கூலி, 925 முத்திரை (92.5 சதவீதம் வெள்ளி என்பதற்கான குறி) மூன்றையும் கேளுங்கள். பில்லில் 3 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். பெயர் பொறித்தால் திருப்பித் தர முடியாது, எழுத்தைச் சரிபார்த்துவிட்டே கொடுங்கள்.

6. மூன்றாவது முடிச்சு போடும் நாத்தனாரைத் தோழிகளோடு சேர்த்து ஒரே மாதிரி முடித்துவிடாதீர்கள். அது சீர், புடவை ஒரு படி உயர்வாக, தாம்பூலத்தட்டில் வைத்துத் தர வேண்டும். மைத்துனர் மோதிரம் உங்கள் வழக்கத்தில் உண்டா என்று பெரியவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

7. மாப்பிள்ளைத் தோழனாக உட்காரும் பொடியனுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டியும் சன்னபட்டணா மரப்பொம்மையும் போதும். பொம்மையைத் தாலி கட்டி முடிந்தபின் கொடுங்கள், முன்பே கொடுத்தால் மணையில் உட்காரமாட்டான்.