மிஸ்டீரியோவை மந்திரவாதி ஆக்காதீர்கள்

2019இல் வந்த ஸ்பைடர்மேன் படத்தைப் பார்த்துவிட்டு காமிக்ஸ் பக்கம் வருபவர்கள் அதில் வரும் வில்லன் மிஸ்டீரியோ விஷயத்தில் சில இடங்களில் வழுக்கி விழுகிறார்கள். அவனை மந்திரவாதி என்று நினைப்பது அதில் முதலாவது. புகை, ஊதா நிற அங்கி, தலையில் மீன் தொட்டியைக் கவிழ்த்தது போலக் கண்ணாடிக் கவசம் என்று ஆள் பார்க்க அப்படித்தான் இருப்பான். ஆனால் கவசத்துக்குள் இருக்கும் குவென்டின் பெக் வெறும் சினிமாத் தொழிலாளி. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸும் ஸ்டண்ட்டும் தெரிந்தவன். மந்திரமும் இல்லை, பிறவிச் சக்தியும் இல்லை.

இது புரியவேண்டுமானால் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1964இல் படைத்த அவனுடைய முதல் கதைக்கே போக வேண்டும். அமேசிங் ஸ்பைடர்மேன் 13ஆம் இதழ். ஸ்பைடர்மேன் வேஷம் போட்டுக் கொள்ளையடிப்பதே பெக்தான். அப்புறம் மிஸ்டீரியோவாக வந்து, அந்தத் 'திருடனை' நான் பிடித்துத் தருகிறேன் என்று ஜேமிசனின் டெய்லி பியூகிள் பத்திரிகையிடம் சொல்கிறான். நிஜ ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கருக்கோ, நாம்தான் நினைவில்லாமல் திருடுகிறோமோ என்று தன் மேலேயே சந்தேகம்! ஸ்பைடர்மேனின் வலை கரைந்து போவதற்குக் காரணம் புகையில் கலந்த ரசாயனம். ஆபத்தை முன்கூட்டியே உணர்த்தும் அவனுடைய ஸ்பைடர் சென்ஸைக் குழப்புவது ஒரு கருவி. சாகசம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பட்டறை வேலை இருக்கிறது. கடைசியில் அவன் மாட்டுவதும் ஒரு டேப் ரெக்கார்டரில்தான்: தோற்றவன்தானே என்று ஸ்பைடர்மேனிடம் எல்லாவற்றையும் பெருமையடிக்க, அது பதிவாகிவிடுகிறது. டிட்கோவின் குறும்பு எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அடுத்தது, படத்தின் கதையைக் காமிக்ஸின் மேல் ஏற்றுவது. அயர்ன்மேன் டோனி ஸ்டார்க்கிடம் வேலை பார்த்தவன், ட்ரோன்கள், வேறொரு பூமியிலிருந்து வந்ததாகச் சொல்லும் கதை எல்லாம் படத்துக்காகச் சேர்த்தவை. நல்ல மாற்றம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் பழைய இதழ்களில் ஸ்டார்க்கைத் தேடாதீர்கள்.

கவசத்துக்குள் எப்போதும் பெக்தான் இருப்பான் என்றும் நம்பிவிட வேண்டாம். 1975இல் வந்தவன் அவனுடைய சிறைத் தோழன் டேனியல் பெர்க்ஹார்ட். பிறகு வந்த பிரான்சிஸ் க்ளம் நிஜமாகவே பிறவிச் சக்தி உள்ள மியூட்டன்ட்.

சரி, ஸ்பைடர் சென்ஸ் இருக்கும்போது மாயத்தோற்றம் எப்படிப் பலிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த உணர்வு ஆபத்து வருகிறது என்றுதான் எச்சரிக்கும். கண்ணெதிரே இருப்பது பொய் என்று விளக்காது. 1968இல், 66, 67ஆம் இதழ்களில், தான் சில அங்குல உயரத்துக்குச் சுருங்கி மேசைமேல் உள்ள பொம்மைப் பொருட்காட்சியில் சிக்கிவிட்டதாகவே ஸ்பைடர்மேன் நம்புகிறான். அவன் உயரம் துளிகூடக் குறையவில்லை.

இவனைக் காமெடி வில்லன் என்று ஒதுக்குபவர்கள் 1998-99இல் வந்த, டேர்டெவில் என்ற இன்னொரு ஹீரோவின் கதையைப் படிக்கலாம். தன் தொழிலின் ரசாயனங்களாலேயே சாகப்போகும் பெக், அந்த ஹீரோவின் புத்தியையும் நம்பிக்கையையும் சிதைப்பதையே தன் கடைசிப் படைப்பாக்குகிறான். கதை மிகவும் இருட்டு, தற்கொலையும் வருகிறது. எனவே சிறுவர்களுக்குக் கொடுக்காதீர்கள், நீங்களும் முதலில் 13ஆம் இதழைப் படித்துவிட்டு இதற்கு வாருங்கள்.