பழைய கார்புரேட்டர் காரில் காலை ஸ்டார்ட்டிங், ஐடிலிங் தொல்லை: ஸ்க்ரூவைத் திருகும் முன் சோக்கை இழுத்துப் பாருங்கள்

எங்கள் வண்டி 1997 மாருதி 800. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) உள்ள மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர். போன மார்கழியில் ஓசூர்க் குளிரில் ஏழெட்டுத் தடவை செல்ஃப் அடித்தால்தான் பிடித்தது. பிடித்தாலும் கியர் லீவர் கிடுகிடுவென்று ஆடும். சிக்னலில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும். இரண்டு மெக்கானிக்குகள் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை, அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, ஏற்றிக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் பழையபடி ஆகிவிட்டது. கடைசியில் கோளாறு ஒரு விரல் நீள ரப்பர் ஹோஸில் இருந்தது. நான் கண்டுபிடித்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.

1. பேட்டரி, ஏர் ஃபில்டர், பிளக்

செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். பிளக்குகளைக் கழற்றி முனையைப் பாருங்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கண் மதிப்பில் வைக்காதீர்கள். தேய்ந்த பிளக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

2. சோக் முழுதாக மூடுகிறதா?

சோக் என்பது குளிரில் இன்ஜின் பிடிப்பதற்காகக் காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் தகடு. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒருவரை உட்காரவைத்துச் சோக் குமிழை முழுதாக இழுக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் வாயிலுள்ள தகடு அடைபட மூட வேண்டும். என் மகள் குமிழைக் கடைசிவரை இழுத்தும் எங்கள் வண்டியில் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் சந்து இருந்தது. கேபிள் அதன் கிளாம்பிலிருந்து நழுவியிருந்தது. இழுத்துப் பிடித்து முடுக்கியதும் மறுநாள் காலை இரண்டாவது செல்ஃபிலேயே பிடித்தது. ஆனால் உதறல் மட்டும் போகவில்லை.

3. நான் தடுக்கி விழுந்த இடம்

இதை நிதானமாகச் செய்யுங்கள். இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, சோக்கை முழுதாக உள்ளே தள்ளி, ஐடிலிங்கில் விடுங்கள். உதறும்போதே சோக்கை அரை அங்குலம் மட்டும் வெளியே இழுங்கள்.

உதறல் அடங்கினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைகிறது என்று பொருள். உதறல் கூடினால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஸ்க்ரூவைத் திருகியதால்தான் எனக்கு ஒரு மாதம் வீணாகப் போனது.

எங்கள் வண்டியில் உதறல் அடங்கியது. எனவே ஏர் லீக்கைத் தேடினேன். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) கிளம்பும் ஒவ்வொரு ஹோஸையும் மூக்குப் பிளையரில் துணி சுற்றி மெல்ல நெரித்தேன். மூன்றாவதை நெரித்ததும் இன்ஜின் சட்டென்று சீராகிவிட்டது. ஹோஸைப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. கழற்றி விரலால் வளைத்தபோதுதான் கிளிப்புக்கு அடியில் ஒரு கீறல் வாய் திறந்தது.

கார்புரேட்டரின் அடி கேஸ்கெட்டில் சந்தேகம் இருந்தால் ஓரமாகச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், சத்தம் மாறினால் லீக் அங்கேதான். சிலர் இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பார்கள். சூடான இன்ஜின்மேல் அது தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம்.

4. லீக் இல்லையென்றால் ஐடில் ஜெட்

ஐடில் ஜெட் என்பது ஐடிலிங்கில் பெட்ரோல் வரும் சிறு துளை. கார்புரேட்டரில் ஒயர் போகிற சோலனாய்டு (அந்தப் பெட்ரோல் வழியைத் திறக்கும் மின் வால்வு) இருந்தால் சாவியைத் திருப்பும்போது அது ‘டக்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒயரையும் சோலனாய்டையும் பாருங்கள். அது சரியென்றால் ஜெட் அடைத்திருக்கும். ஜெட்டை ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

5. கடைசியாகத்தான் ஸ்க்ரூ

தொடும் முன், மிக்ஸர் ஸ்க்ரூ (ஐடிலிங்கில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பது) உள்ளே முட்டும்வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். முட்டியபின் இறுக்காதீர்கள், முனை கெட்டுவிடும். எழுதிய இடத்துக்கே திருப்பிவிட்டு, அங்கிருந்து கால் சுற்று கால் சுற்றாக நகர்த்துங்கள்.

பிறகு சேர்த்தது: ஊட்டியிலிருந்து ஒருவர், தன் வண்டியில் சோக்கை இழுத்தால் உதறல் கூடுகிறது என்று எழுதியிருந்தார். கோவையில் டியூன் செய்த வண்டி. 2,200 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்துவிடும், கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளாது. ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு மிக்ஸர் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே விட்டதும் சரியாகிவிட்டதாம்.

இன்னொன்று: இப்போது பங்க்கில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டரில் கலவை இன்னும் மெலியும். பழைய ரப்பருக்கும் அது ஆகாது. வாக்குவம் ஹோஸை (மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் அந்த ரப்பர் ஹோஸ்) மாற்றும் கையோடு பெட்ரோல் ஹோஸையும், எத்தனால் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள்.

எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வண்டிக்காரர்களுக்குச் சோக் கிடையாது. குளிரில் மட்டும் தொல்லையென்றால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் 0.3 கிலோ ஓம் பக்கம் காட்டும்.