டைல்ஸ் ஒட்டும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

டைல்ஸ் வேலைக்குப் போகும்போது என் சட்டைப் பையில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி நாணயம் கட்டாயம் இருக்கும். கோப்பி குடிக்க இல்லை, சுவரைத் தட்ட. அங் மோ கியோவில் ஒரு பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையிலும் அதைத்தான் முதலில் எடுத்தேன். பழைய டைல்ஸைப் பெயர்த்ததும், உள்ளே தெரிந்த சிமெண்ட் பூச்சை ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே போனேன். ‘டிங்’ என்றால் பிடிப்பு இருக்கிறது. ‘பொத்’ என்றால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசித்தான் ஆக வேண்டும். அதன்மேல் எவ்வளவு உசத்தியான பசை போட்டாலும், டைல் பூச்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும்.

(பெயர்க்கிற வேலை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனிக்கிழமை சுத்தியலைத் தூக்கினால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வாசலில் நிற்பார்.)

அந்தச் சுவர் செங்கல், ஓரத்தில் கான்கிரீட் தூண். செங்கல் மேல் இருக்கும் பூச்சு தண்ணீர் குடிக்கும், பசையிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிவிடும்; அதனால் லேசாக நனைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் வழியக் கூடாது. கான்கிரீட் வழவழவென்று இருக்கும். பலகை அடித்து வார்த்தபோது தடவிய எண்ணெய்கூட மிச்சம் இருக்கலாம். அதைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசி போகக் கழுவிவிடுங்கள். இரண்டும் சேருகிற கோட்டின் குறுக்கே மட்டும் டைலை ஒட்டாதீர்கள். இடைவெளி சரியாக அந்தக் கோட்டில் வருமாறு வெட்டி, கிரௌட்டுக்கு (டைல் இடைவெளியை நிரப்பும் சாந்து) பதில் சிலிக்கோன் போடுங்கள். நான் ஒருமுறை ‘என்ன ஆகிவிடப் போகிறது’ என்று விட்டேன். ஆறே மாதத்தில் தூண் ஓரமாக மேலிருந்து கீழ்வரை கீறல். ஒன்பது டைல், என் கைக்காசு.

இரண்டு மீட்டர் மட்டக்கோலை வைத்துப் பார்த்து, 3 மி.மீ.க்கு மேல் குழி இருந்தால் முன்னாடியே நிரப்பிவிடுங்கள்.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் தரையிலிருந்தே ஒட்ட ஆரம்பிப்பார்கள். தரை எந்த வீட்டில் மட்டமாக இருந்திருக்கிறது? தரையின் ஆகத் தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு டைல் உயரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவாக அளந்து, ரசமட்டம் பிடித்துக் கோடு போட்டு ஒரு சட்டம் அடியுங்கள். இரண்டாவது வரிசை அதன்மேல் உட்காரும். கீழ் வரிசையை மறுநாள், சட்டத்தைக் கழற்றிவிட்டு, அளவுக்கு வெட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

இனி பசை. தண்ணீரில் தூளைப் போட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு தடவை கலக்குங்கள். இறுகத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றி இளக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். 300க்கு 600 மி.மீ. டைல் என்றால் 10 மி.மீ. பல் உள்ள கரண்டியால் ஒரே திசையில் சீவி, டைலின் முதுகிலும் மெல்லிசாக ஒரு தேய்ப்பு. சுவரில் வைத்து, சீவிய கோடுகளுக்குக் குறுக்காக அசைத்து அழுத்தினால் கோடுகள் சாய்ந்து காற்று வெளியேறும். முதல் டைலை ஒட்டியதும் உடனே பிடுங்கி முதுகைத் திருப்பிப் பாருங்கள். கோடு கோடாகத் தெரிந்தால் பசை போதவில்லை. முழுக்க அப்பியிருந்தால் சரி. நாலு மூலைக்கும் நடுவுக்குமாக ஐந்து உருண்டை வைத்து அமுக்குகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பின்னால் தட்டு மாட்டத் துளை போடும்போது, உள்ளே காலியாக இருக்கும் இடத்தில் டைலில் விரிசல் விழுந்துவிடும்.

ஒரே நேரத்தில் சுவர் முழுக்கப் பசை பூச வேண்டாம். 20 நிமிடத்தில் ஒட்டி முடிக்கிற அளவுக்கு மட்டும், அதுவும் மின்விசிறியை நிறுத்திவிட்டு. விரலால் தொட்டுப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் மேலே ஆடை படிந்துவிட்டது, சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.

மறுநாள் கிரௌட். உள்மூலைகளில் கிரௌட் வேண்டாம், அங்கேயும் சிலிக்கோன்தான். அப்புறம், மிச்சமான டைலில் நாலைந்தை அட்டைப் பெட்டியோடு கட்டிலுக்கடியில் தள்ளி வையுங்கள். அடுத்த வருடம் அதே டைலைக் கேட்டு வாங்கினாலும் பேட்ச் மாறினால் நிறம் ஒத்துவராது.